மூன்று முறை கழுவிய தொட்டி

பிப்ரவரி 3

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் நலம். நீயும் உன் தையல் கடையும் நலமா என்று எழுது. போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று முழிக்காதே. எங்கள் வீட்டு போன் கூடத்தில், என் மாமியாரின் நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கிறது. நான் ஒரு வாக்கியம் கேட்டு முடிப்பதற்குள் "அவ என்ன சொல்றா?" என்று கேட்பார். நீ சொன்னதை அவருக்கும் சொல்லிவிட்டுத்தான் அடுத்த வாக்கியத்துக்குப் போக முடியும். இந்த விஷயத்தை அப்படிப் பேச முடியாது.

ஒரு வருஷமாக எனக்கு மாதவிலக்கு ஒழுங்காக இல்லை. வந்தால் நிற்பதில்லை. பால் நிலையத்தில் தொட்டிக்குள் இறங்கிக் கழுவும்போது தலை சுற்றியதால் போய்க் காட்டினேன். கர்ப்பப்பையில் நார்க்கட்டிகளாம். ஒன்று எலுமிச்சை அளவு, ஒன்று ஆரஞ்சு அளவு. பழக்கடையே வைக்கலாம். கர்ப்பப்பையை எடுத்துவிடுவதுதான் நல்லது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். இருபத்தாறாம் தேதி ஆபரேஷன். எனக்கும் இனிமேல் அதனால் ஆகவேண்டியது ஒன்றும் இல்லை. பெற்ற பிள்ளை வேலைக்குப் போய் வெளியூரில் இருக்கிறான்.

நீ கிளம்பி வந்துவிடாதே. அடுத்த வருஷத்துப் பள்ளிக்கூடச் சீருடை தைக்கும் காலம், கடையை விட்டு நகர முடியாது என்று எனக்குத் தெரியும். உன் அத்தான் பார்த்துக்கொள்வார். வேலைக்குப் போகிற வேனில் நான் இப்போது கடைசி இருக்கையில் ஜன்னலோரமாக உட்கார்ந்துகொள்கிறேன், காற்று வேண்டியிருக்கிறது. மற்றபடி ஒரு குறையும் இல்லை. வீட்டையும் என்னையும் பளிச்சென்று வைத்திருக்கிறேன். கிருமிநாசினி வாங்கப் போனால், "மொத்தமா வாங்கி விக்கிறீங்களாம்மா?" என்று மருந்துக் கடைக்காரர் கேட்கிறார்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா

*

பிப்ரவரி 10

என் அருமை அக்காவுக்கு,

நான் நலம். மெஷின்களில் ஒன்று மட்டும் முரண்டு பிடிக்கிறது. உன் கடிதத்தைப் படித்து முதலில் பதறினேன், பிறகு பழக்கடையைப் படித்துச் சிரித்தேன், பிறகு மறுபடியும் பதறினேன். கடையில் என் கூட்டாளி என்னைப் பார்த்துவிட்டு ஒரு சட்டையில் மூன்று கை வைத்துத் தைத்துவிட்டாள்.

ஆபரேஷன் என்றால் நானும் விவரம் கேட்டு வைத்திருக்கிறேன். எங்கள் கடைக்கு வரும் நர்ஸ் ஒருத்தி சொன்னாள்: ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டுமாம். வெள்ளைப்படுகிறதா, எரிச்சல் இருக்கிறதா, நாற்றம் இருக்கிறதா, எதையும் மறைக்கக் கூடாதாம். கீழே கிருமித் தொந்தரவு இருந்தால் முதலிலேயே மாத்திரை கொடுத்துச் சரி செய்துவிட்டுத்தான் கத்தி வைப்பார்களாம். இல்லாவிட்டால் தையல் போட்ட இடத்தில் சீழ் பிடித்துவிடும் என்கிறாள். துணியில் தையல் பிரிந்தாலே எனக்குத் தூக்கம் வராது. நீ எல்லாம் சொல்லிவிட்டாய் அல்லவா?

இன்னொன்று. நீ எப்போது காற்று வாங்க ஆரம்பித்தாய்? மின்விசிறி சுற்றினால் போர்வை தேடுகிறவள் நீ. வேனில் உன் ஊர்க்கதை கேட்க உன் பக்கத்து இடத்துக்கு அடித்துக்கொள்வார்கள் என்று நீயே பீற்றிக்கொண்டிருக்கிறாய். கடைசி இருக்கையில் போய் யாரோடு பேசுகிறாய்?

வா என்று ஒரு வார்த்தை எழுது. சீருடை இல்லாவிட்டால் பிள்ளைகள் சந்தோஷமாகத்தான் இருப்பார்கள்.

தங்கை

*

பிப்ரவரி 20

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் நலமாகவே இருக்கிறேன். நீ வக்கீல் வேலைக்குப் போயிருக்க வேண்டியவள், ஊசியும் நூலுமாகக் காலம் தள்ளுகிறாய். டாக்டரம்மாவிடம் சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லியாயிற்று. ரத்தம் பார்த்தார்கள், இதயம் பார்த்தார்கள், எல்லாம் சரியாக இருக்கிறதாம்.

இங்கே ஒரு கூத்து நடந்தது, கேள். தயிர்ப் பிரிவில் உறை ஊற்றிய பால் ஒரு தொட்டி முழுவதும் உறையவில்லை. மறுநாள் திறந்தால் நீர்த்துப்போய், நூல் நூலாக, மூக்கைப் பிடிக்கும்படி கிடக்கிறது. என் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண்தான் அந்தத் தொட்டியைக் கழுவியவள். மருந்துத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டுக் கடைசியில் நல்ல தண்ணீர் விட்டு அலசாமல் விட்டிருக்கிறாள். கேட்டால், "மருந்து கொஞ்சம் தங்கினா இன்னும் சுத்தமாத்தானேக்கா இருக்கும்?" என்கிறாள். எனக்கு வந்த கோபத்தில் பிரிவே கேட்கும்படி கத்திவிட்டேன். உறையில் இருக்கிற நல்லதையும் சேர்த்துக் கொன்றுவிட்டால் கெட்டது வந்து உட்காராமல் என்ன செய்யும்? இதைக்கூடத் தெரியாமல் பால் நிலையத்துக்கு வேலைக்கு வந்துவிடுகிறார்கள்.

ஆபரேஷனுக்காக ஆறு வாரம் விடுப்பு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதுவரை அந்தப் பெண் இன்னும் எத்தனை தொட்டியைப் பாழாக்குவாளோ. நீ வராதே. முடிந்ததும் அத்தானை எழுதச் சொல்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

மார்ச் 1

மைத்துனிக்கு,

அத்தான் எழுதுவது. எல்லோரும் சௌக்கியம். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, பணிமனையில் பேருந்துக்கு என்ன பழுது என்று எழுதித்தான் பழக்கம். அதே மாதிரி எழுதுகிறேன்.

உன் அக்காவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்ததும் முதல் வேலையாகப் பக்கத்துக் கட்டிலுக்கு அடியில் தூசி இருக்கிறது என்றாள். அதனால் நன்றாக இருக்கிறாள் என்று தெரிந்துகொண்டேன். நாளைக்கு வீட்டுக்கு அழைத்துவரலாம் என்கிறார்கள்.

டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சில விஷயங்கள் சொல்லியிருக்கிறார். அதன்படி நடந்துகொள்வேன். நீ கவலைப்படாதே.

இப்படிக்கு,
அத்தான்

*

மார்ச் 9

அக்கா,

உயிரோடு இருக்கிறாயா? தூசி பார்த்தாய் என்றால் இருக்கிறாய். அத்தானின் கடிதத்தை என் கூட்டாளிக்கும் படித்துக் காட்டினேன். பழுது பார்த்த வண்டி மறுபடி ஓடத் தயார் என்று முத்திரை குத்தாததுதான் பாக்கி என்றாள். ரொம்ப நாளைக்குப் பிறகு இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

இப்போது நீ ராணி மாதிரிப் படுத்திருக்க வேண்டும். குனியாதே, வாளி தூக்காதே. எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்புவார்களாம், அதன் முடிவு வந்துவிட்டதா? மறுபடி காட்ட எப்போது வரச் சொல்லியிருக்கிறார்கள்? அன்றைக்கு என்ன சொன்னார்கள் என்று உடனே எழுது. தெரியாமல் இருந்தால் என் கற்பனை சும்மா இருக்காது.

உடம்பு தேறி வர வேண்டும்.

உன் தங்கை

*

மார்ச் 30

தங்கைக்கு,

நலம். நீயும் நலமென்று நினைக்கிறேன். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, உட்கார்ந்தால் முதுகு வலிக்கிறது.

மறுபடி காட்ட வரச் சொன்ன நாளில் நல்ல மழை. வண்டி கிடைக்கவில்லை. பிறகு போய்க்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். பரிசோதனை முடிவையும் அப்போது வாங்கிக்கொள்ளலாம். ஒன்றும் அவசரமில்லை. வீட்டில் சும்மா இருக்க முடியாமல் சுத்தம் செய்துகொண்டிருக்கிறேன். எவ்வளவு கழுவினாலும் எனக்குத் திருப்தியே வருவதில்லை, உனக்குத்தான் தெரியுமே. மருந்துக் கடைக்காரர் இப்போது நான் கேட்பதற்கு முன்னாலேயே பாட்டிலை எடுத்து வைத்துவிடுகிறார்.

உன் அத்தான் கூடத்தில் படுத்துக்கொள்கிறார். வீட்டுக்கு வந்த நாளிலிருந்தே அப்படித்தான். அதுவும் நல்லதுதான். சாயங்காலமானால் எனக்கு லேசாகக் குளிர்கிறது, போர்வையை இழுத்துக்கொண்டு படுத்துவிடுகிறேன்.

நம் வீட்டில் அம்மா படுத்திருந்த அறையில், குளிரானாலும் மழையானாலும் ஜன்னல் திறந்தே கிடக்கும். உனக்கு நினைவிருக்கிறதா? நீ விடுதியில் இருந்தாய், உனக்கு எங்கே தெரியப்போகிறது. சும்மா கேட்டேன்.

அக்கா

*

ஏப்ரல் 4

அக்காவுக்கு,

நலம் விசாரிக்கப்போவதில்லை. நீ நலமாக இல்லை.

இரண்டு தடவை போன் செய்தேன். ஒரு தடவை உன் மாமியார் எடுத்து, நீ படுத்திருக்கிறாய், எல்லோரும் நன்றாக இருக்கிறோம் என்று சொல்லி வைத்துவிட்டார். இன்னொரு தடவை நீ எடுத்து "ம்" போட்டுக்கொண்டே இருந்தாய். அதனால் விரைவுத் தபாலில் எழுதுகிறேன். உன் கடிதங்களை எல்லாம் வெட்டுகிற மேசையில் வரிசையாகப் பரப்பி வைத்துப் பார்த்துவிட்டேன். நான் தையற்காரி. துண்டு துண்டாகக் கிடந்தாலும் என்ன சட்டை என்று எனக்குத் தெரிந்துவிடும்.

ஊர்க்கதை பேசுகிறவள் யாரும் பக்கத்தில் வராத இடமாகப் பார்த்து ஜன்னலோரம் போய் உட்காருகிறாய். மருந்துக் கடையையே காலி செய்கிறாய், அதுவும் ஆபரேஷனுக்கு முன்னாலிருந்தே. வீடு கழுவவா அவ்வளவு? அத்தான் கூடத்தில் படுப்பது நல்லது என்கிறாய். சாயங்காலம் குளிர்கிறது என்றால் அது காய்ச்சல். இதற்கு நடுவில் அம்மாவின் ஜன்னல். உன்னிடம் நாற்றம் வருகிறது என்று நினைக்கிறாய். அம்மாவுக்கு வந்தது உனக்கும் வந்துவிட்டது என்று நினைக்கிறாய். அதனால்தான் பரிசோதனை முடிவை வாங்கப் போகவில்லை. மழை பெய்தால் வண்டி ஓடாத ஊரா அது?

அம்மாவுக்கு என்ன வியாதி என்று எனக்குத் தெரியும். விஷக் காய்ச்சல் என்று நீ சொன்னதை நான் நம்பவே இல்லை. விடுமுறைக்கு வந்தபோது அந்த அறைக்குள் போயிருக்கிறேன். கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் என்று அத்தை ஒருத்தி சமையலறையில் குசுகுசுத்ததையும் கேட்டிருக்கிறேன். பத்தாம் வகுப்புப் படிக்கிற வயதில் நீ தனியாக அம்மாவுக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தாய். என்னைப் பயமுறுத்தக் கூடாது என்று மறைத்தாய். நீ வருத்தப்படுவாயே என்று நானும் தெரியாத மாதிரி நடித்தேன். இரண்டு பேரும் இத்தனை வருஷமாக நன்றாக நடித்திருக்கிறோம்.

அக்கா, எனக்குப் பயமாக இருக்கிறது. அதுவாகவே இருந்தாலும் தெரிந்துகொள்ள வேண்டும். அதுவாக இல்லாவிட்டால் இந்தக் காய்ச்சலுக்கு வேறு காரணம் இருக்கிறது, அதையும் தள்ளிப்போடக் கூடாது என்று நர்ஸ் சொல்கிறாள். இந்தக் கடிதம் கையில் கிடைத்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பு. போய்க் காட்டிவிட்டேன் என்று நீ போனில் சொல்லாவிட்டால், நானே போன் செய்து உன் மாமியாரிடம் எல்லாவற்றையும் விவரமாகச் சொல்லுவேன். "அவ என்ன சொல்றா?" என்று கேட்கிற வேலையே அவருக்கு இருக்காது.

தங்கை

*

ஏப்ரல் 14

என் கண்ணான தங்கைக்கு,

நான் நலம். இந்த முறை உண்மையாகவே நலம். "போயிட்டு வந்துட்டேன், பயப்பட ஒண்ணும் இல்லை, எழுதறேன்" என்று போனில் சொன்னதும் நீ மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாய். "அவ என்ன சொல்றா?" என்று மாமியார் கேட்டார். ஜலதோஷமாம் என்றேன். இப்போது விவரமாகச் சொல்கிறேன்.

உன் கடிதத்தைக் கட்டிலில் உட்கார்ந்து படித்தேன். உனக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. கோபம் வந்தது, அழுகை வந்தது, பாரம் இறங்கின மாதிரியும் இருந்தது. பிறகு அத்தானைக் கூப்பிட்டேன். அவர் ஒரு கேள்வியும் கேட்காமல் வண்டி பிடிக்க ஓடினார்.

டாக்டரம்மா என்னைத் தொட்டுப் பார்த்ததும், "காய்ச்சல் எவ்வளவு நாளா இருக்கு?" என்று கேட்டார். எனக்கு மூடி வைக்கத் தெம்பில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஆபரேஷனுக்கு ரொம்ப நாள் முன்னாலிருந்தே தண்ணீர் மாதிரி வெள்ளைப்பட்டது, மீன் வாடை மாதிரி ஒரு நாற்றம் வந்தது. வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. அம்மா அறையின் வாடை என்றே நினைத்துக்கொண்டேன். நான் என்ன செய்தேன் தெரியுமா? தொட்டி கழுவுகிற மாதிரி என்னைக் கழுவினேன். முதலில் சோப்பு, அடுத்து கிருமிநாசினி கலந்த தண்ணீரைக் குழாய் வைத்து உள்ளே, கடைசியில் வெந்நீர். ஒவ்வொரு நாளும் இந்த மூன்று கழுவல். நாற்றம் போகாவிட்டால் மருந்தைக் கூட்டினேன். ஆபரேஷன் முடிந்து வந்ததும் கொஞ்ச நாள் விட்டிருந்தேன். மறுபடி நாற்றம் வந்ததும் மறுபடி ஆரம்பித்துவிட்டேன்.

அவர் திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். அவர் திட்டவில்லை, நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். "இது அழுக்கால வர்றது இல்லம்மா. அந்த இடத்துல நல்ல கிருமிங்கன்னு உண்டு. அதுங்கதான் அங்க காவல். நீங்க மருந்து ஊத்தி ஊத்திக் காவலையே விரட்டிட்டீங்க. காலியான வீட்டுல வேண்டாததெல்லாம் குடி வந்துருச்சு" என்றார்.

எனக்கு அந்தப் புதுப்பெண்ணின் முகம்தான் நினைவுக்கு வந்தது. மருந்து தங்கினால் இன்னும் சுத்தம்தானே என்று கேட்ட அந்த முகம். பிரிவே கேட்கும்படி நான் அவளுக்குச் சொன்ன பாடத்தை டாக்டரம்மா எனக்கு மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காய்ச்சலில் பிதற்றுகிறேன் என்று நினைத்திருப்பார். அதனால் தயிர்த் தொட்டிக் கதையை அவருக்கும் சொன்னேன். அவரும் சிரித்தார். இனிமேல் வருகிறவர்களிடம் இதையே சொல்கிறேன் என்றார்.

உன் நர்ஸ் சொன்னது சரிதான். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் ஆபரேஷனுக்கு முன்னாலேயே மாத்திரை கொடுத்துச் சரி செய்திருப்பார்களாம். கர்ப்பப்பையை எடுத்த பிறகு உள்ளே மேல்பக்கம் தையல் போட்டு மூடியிருக்கிறார்கள். அந்தக் கெட்ட கிருமிகள் அங்கே போய்ப் பிடித்துக்கொண்டன. இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் வயிற்றுக்குள் பரவியிருக்கலாம் என்று சொன்னபோது மட்டும் டாக்டரம்மாவின் முகத்தில் சிரிப்பில்லை. உடனே படுக்க வைத்து ஊசி வழியாக மருந்து ஏற்றினார்கள். இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டது. இப்போது வீட்டில் மாத்திரை சாப்பிடுகிறேன். நாற்றம் போயே போய்விட்டது. அங்கே தண்ணீரைத் தவிர வேறெதுவும் படக் கூடாது, உள்ளே அதுவும் கூடாது என்று உத்தரவு.

பரிசோதனை முடிவை நான் கேட்கவே இல்லை. டாக்டரம்மாதான் எடுத்துப் பார்த்துவிட்டு, "எல்லாம் சாதாரணக் கட்டிம்மா. புற்று இல்லை" என்றார். இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொன்னார். அம்மாவின் கதையையும் அப்போதுதான் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு நான் அழுத அழுகையில் வெளியே இருந்த அத்தான் கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்.

அவர் சமாசாரத்தையும் கேள். வீட்டுக்கு வந்த பிறகு, ஏன் கூடத்தில் படுக்கிறீர்கள் என்று துணிந்து கேட்டேவிட்டேன். என்னிடம் வாடை வருகிறது என்பார் என்று காத்திருந்தேன். அவர் பாவம் நெளிந்துகொண்டே, "தூக்கத்துல நான் காலைத் தூக்கிப் போடுவேனே. தையல் மேல பட்டுருச்சுன்னா? டாக்டரம்மா வேற ஜாக்கிரதைன்னு சொன்னாங்க" என்றார். இதுதான் அந்தத் தனிப் பேச்சாம். அவருக்கு வாடையே தெரியாது, டீசல் நாற்றத்தில் மூக்கு எப்போதோ போய்விட்டது என்கிறார். இந்த மனுஷனை நினைத்து நான் எத்தனை நாள் தலையணையை நனைத்திருக்கிறேன்.

டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னார். அம்மாவுக்கு வந்தது பரம்பரையாக வருகிற வியாதி இல்லையாம். ஆனால் கர்ப்பப்பை வாய் இருக்கிற எல்லாப் பெண்களும் சில வருஷத்துக்கு ஒருமுறை அதற்கான சோதனை செய்துகொள்ள வேண்டுமாம். முன்கூட்டியே தெரிந்தால் தடுத்துவிடலாமாம். எனக்குக் கர்ப்பப்பையோடு அதன் வாயையும் எடுத்துவிட்டதால் அந்தக் கவலை இனி இல்லை என்றார். உனக்கு இருக்கிறது. நீ செய்துகொண்டாயா?

முத்தங்களுடன்,
அக்கா

*

ஏப்ரல் 21

அக்கா, என் ராசாத்தி,

நலம், நலம், நலம். உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். அழுத அழுகையில் வெள்ளைச் சீருடைத் துணி ஒன்று நனைந்துவிட்டது. என் கூட்டாளி ஓடி வந்து என்ன என்று கேட்டாள். புற்று இல்லை என்றேன். என் மேல் விழுந்து அவளும் அழுதாள். துணி எடுக்க வந்திருந்த பள்ளிக்கூட ஆசிரியர் நாளைக்கு வருகிறேன் என்று நழுவிவிட்டார்.

அத்தானுக்கு ஒரு கால்சட்டை தைத்து அனுப்புகிறேன். காலை அசைக்கவே முடியாதபடி இறுக்கமாகத் தைக்கிறேன், கட்டிலுக்குத் திரும்பி வரச் சொல். மருந்துக் கடைக்காரருக்கு வியாபாரம் படுத்துவிடும், அவரை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது. வேலைக்குப் போனதும் அந்தப் புதுப்பெண்ணிடம் கொஞ்சம் சிரித்துப் பேசு. தையல் நன்றாக ஆறட்டும், மாத்திரையை நடுவில் நிறுத்தாதே. உன் மாமியாருக்கு என் வணக்கம்.

இங்கே மழை. மெஷின் சரியாகிவிட்டது. வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. வேறு விசேஷம் இல்லை.

உன் தங்கை

*

மே 8

தங்கைக்கு,

நலம். வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டேன், பாரம் மட்டும் தூக்குவதில்லை. புதுப்பெண்ணைக் கூப்பிட்டு, நீ செய்த அதே தப்பை நான் என் உடம்பிலேயே செய்தேன் என்று சொன்னேன். வேனில் இப்போது நடு இருக்கை எனக்கு. கதையை ஆரம்பித்ததும் அக்கம்பக்கத்தில் தலைகள் திரும்பின. பேக்கிங் பிரிவுப் பெண் தானும் கிருமிநாசினிதான் ஊற்றுகிறாளாம். கணக்குப் பிரிவு அம்மா நாற்றத்துக்குப் பவுடர் போடுகிறாளாம். ஆளுக்கொன்று சொல்லச் சொல்ல, ஓட்டுநர் ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டார். இத்தனை பேரும் தனித்தனியாக வெட்கப்பட்டுக்கொண்டு ஒரே வேனில் போய்க்கொண்டிருந்திருக்கிறோம்.

இனி உன் விஷயம். போன கடிதத்தில் உன்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தேன். நீ கால்சட்டைக்குப் பதில் எழுதினாய், மருந்துக் கடைக்காரருக்கு எழுதினாய், மழைக்கும் எழுதினாய். கேள்விக்கு மட்டும் எழுதவில்லை. துண்டுகளைச் சேர்த்துப் பார்க்க உனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்தாயா?

அந்தச் சோதனைக்கு நீ போகவே இல்லை. அம்மா எதனால் போனாள் என்று சின்ன வயதிலேயே தெரிந்து வைத்துக்கொண்டு, நாற்பது தாண்டியும் ஒரு தடவைகூடப் போகவில்லை. என்னை அவ்வளவு மிரட்டினவள், உனக்கு வரும்போது மழையைக் காட்டுகிறாய். எனக்கு உன் மேல் கோபமில்லை. அந்த அறைக்குள் போய் வந்த யாருக்கும் கால் வராது. எனக்கும் வரவில்லை. நீ தள்ளித்தானே நான் போனேன்.

உன் கூட்டாளிக்கும் தனியாக ஒரு கடிதம் இதே தபாலில் போட்டிருக்கிறேன். அவள் உன்னைக் கையைப் பிடித்து அழைத்துப்போவாள். நீ போய் வந்துவிட்டால், முடிவு எதுவானாலும் சரி, விடுப்பு எடுத்துக்கொண்டு கிளம்பி வருகிறேன். வந்து உன் பக்கத்தில் படுத்துக்கொள்கிறேன். நான் காலைத் தூக்கிப் போடமாட்டேன்.

அக்கா

*

ஜூன் 17

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு மாதத்துக்கு மேல் எழுதாமல் இருந்தேன். நலமாக இருந்தேனா என்று கேட்டால் இல்லை. போன் செய்தபோதெல்லாம் எடுக்காமல் இருந்ததற்கும் திட்டிவிடு.

உன் கடிதம் வந்த அன்று என் கூட்டாளியோடு சண்டை போட்டேன். அவளோ, கடையை அரை நாள் மூட நான் தயார், நீ எப்போது தயார் என்று சொல் என்றாள். தினமும் காலையில் அதையே கேட்டாள். நான் சீருடையைக் காட்டினேன். சீருடை முடிந்தது. ஆளில்லை என்றேன். அவள் தன் நாத்தனாரைக் கொண்டு வந்து கடையில் உட்கார வைத்தாள். கடைசியில் காட்ட ஒரு சாக்கும் மிச்சமில்லை, சோதனைக்குப் போனேன்.

படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்த நர்ஸ் ஜன்னலைச் சாத்தித் திரையை இழுத்துவிட்டாள். எனக்கு அம்மா ஞாபகம் வந்தது. ஒன்றுமே நடக்காத மாதிரி சட்டென்று முடிந்துவிட்டது, அக்கா. ஒரு சட்டைக்குப் பொத்தான் வைக்கிற நேரம்கூட ஆகவில்லை. இதற்காகவா இத்தனை வருஷம் ஓடினேன் என்று வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். அம்மாவுக்கு இப்படி ஒரு சோதனை இருப்பதை யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் மிரட்டி எழுத அவளுக்கு ஒரு அக்காவும் இல்லை, தங்கையும் இல்லை. யாரிடமும் சொல்லாமல் ஜன்னலை மட்டும் திறந்து வைத்துக்கொண்டாள். அதை நினைத்துத்தான் அழுதேன், எனக்காக இல்லை.

முடிவு வர நாளானது. அதற்குள் நான் தைத்ததில் ஒன்றுகூட நேராக இல்லை. நேற்று வந்தது. ஒன்றும் இல்லை. கூட்டாளி வாங்கிப் படித்தாள், கடைக்கு வரும் நர்ஸும் படித்தாள், ஒன்றும் இல்லை என்றார்கள். சில வருஷம் கழித்து மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். போவேன்.

நீ வருகிறேன் என்றாயே, வா. கட்டிலுக்குப் புது விரிப்பு தைத்து வைத்திருக்கிறேன். ரயிலில் ஜன்னலோரம் பதிவு செய்யாதே, அக்கா. நடுவில் இரண்டு பேருக்கு இடையே உட்கார்ந்து, அவர்களோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே வந்து சேர். நிலையத்தில் நிற்கிறேன்.

உன் தங்கை